1957 இருந்த இடத்தில் ஒரு மாங்காய்

என் கணவர் சண்முகத்துக்கு ஒரு குணம் உண்டு. யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் அதை நல்லபடியாக நடத்தித் தருவது தன் பொறுப்பு என்று நினைத்துக்கொள்வார். பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்றால் பந்தியில் சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று இவர் போய்ப் பார்ப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தக் குணம் எங்கள் ஊர் நகரியோடு நின்றிருந்தால் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். போன மே மாதம் அது ஜெர்மனி வரைக்கும் போய்விட்டது.

நகரியில் எங்களுக்குப் பன்னிரண்டு பவர்லூம் தறிகள். அதில் இரண்டு, கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு நெய்கிற தறி. எழுத்தோ பூவோ எதை வரைந்து கொடுத்தாலும் அப்படியே துணியில் இறக்கிவிடும். கோயில் திருவிழாவுக்குப் பேர் போட்ட துண்டு, கட்சிக்காரர்களுக்குக் கரை போட்ட துண்டு, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பேர் போட்ட துண்டு என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். கம்ப்யூட்டரில் வரைவது நான். பாவும் நூலும் தறியும் அவர் பாடு. கம்ப்யூட்டரை அவர் தொடக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

என் தங்கை ஹரிதா நர்ஸ். திருப்பதியில் ஒரு வருஷம் ஹாஸ்டலில் தங்கி ஜெர்மன் படித்தாள். பரீட்சை பாஸ் செய்து, ஹாசெல்மூர் என்ற சின்ன ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஊருக்கு ஒரு ஃபுட்பால் கிளப் இருக்கிறது. இந்த ஜூனில் அதற்கு நூறு வயது. விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கிளப் பேர் போட்ட கழுத்துத் துண்டு கொடுப்பது அங்கே வழக்கமாம். வெயில் காலத்தில் கம்பளியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு யார் வேர்ப்பது, பருத்தியில் கிடைத்தால் தேவலை என்று கிளப் தலைவர் வோல்ஃப் சொல்லியிருக்கிறார். இவள் உடனே, "எங்க மாமா நெய்து குடுப்பாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். பச்சையும் வெள்ளையுமாக முந்நூறு துண்டு. ஒவ்வொன்றிலும் கிளப்பின் நூறு வருஷ வரலாறு, முக்கியமான வருஷத்துக்கு ஒரு வரியாக வர வேண்டும்.

வரலாறு ஜெர்மனில் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தத்தை ஹரிதா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். தெரியாத எழுத்தைத் தப்பில்லாமல் போட வேண்டுமே என்ற பயத்தில் நான் அவள் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்க அந்த ஊர்க்காரர்களை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

1926இல் செங்கல் சூளையில் வேலை செய்த பத்துப் பேரும், முடிவெட்டும் கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து கிளப்பை ஆரம்பித்தார்கள். பந்து வாங்கப் பணமில்லாமல் ஒரு பன்றியை விற்றார்கள். 1939இல் ஆட்டம் நின்றது. சண்டைக்குப் போன பதினெட்டுப் பேரில் ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். திரும்பியவர்கள் பார்த்தால் மைதானத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். 1947இல் கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் விளையாடினார்கள். 1957இல் பக்கத்து ஊரான ப்ரூன்ஸ்டெட்டிடம் பதினாலு கோல் வாங்கித் தோற்றார்கள். இவர்கள் போட்டது பூஜ்யம். அந்த வரியில் மட்டும் கோல்கீப்பர் பேரும் இருந்தது: ப்ரூனோ கெஸ்லர். 1964இல் ஒரு பிரிவு மேலே ஏறினார்கள். 1965இல் இறங்கினார்கள். 1978இல் ஏதோ ஒரு ஆட்டத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் கறி சுட்டுக் கிளப் கட்டடத்தையே எரித்துவிட்டார்கள். 1983இல் பெண்கள் அணி. 1996இல் வட்டாரக் கோப்பை. 2019இல் ஆட்டத்துக்கு ஒன்பது பேர்தான் தேறினார்கள். கிளப்பை மூடிவிடலாமா என்று ஓட்டுப் போட்டு, ஒரே ஒரு ஓட்டில் பிழைத்துக்கொண்டார்கள்.

நூறு வருஷத்தில் ஒரே ஒரு கோப்பை. அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் விழா எடுக்கிறார்களே, இவர்கள் அல்லவா மனுஷர்கள் என்று எனக்குத் தோன்றியது.

அந்தக் கோல்கீப்பர் ப்ரூனோ இன்னும் உயிரோடு இருந்தார். எண்பத்தெட்டு வயது. அதுவும் ஹரிதா வேலை செய்கிற இல்லத்திலேயே, அவள் பார்க்கிற அறையிலேயே. துண்டில் வரலாறு வருகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து தினமும் கேட்பாராம், ஐம்பத்தேழு அதில் இருக்கிறதா என்று.

"பாவம்க்கா. டெய்லி கேக்குறாரு. இருக்குது தாத்தா, உங்க பேரும் இருக்குதுன்னு நானும் டெய்லி சொல்லிக்கினு இருக்கேன். அவருக்கு வேற யாரும் கெடையாது. அந்தப் பேரை மட்டும் தப்பு இல்லாம போட்டுடுக்கா" என்றாள் ஹரிதா.

அவர் பேரை நான் நான்கு தடவை சரிபார்த்தேன். கண்ணால் பார்க்காத ஒரு கிழவரின் பேருக்காக இவ்வளவு கவலைப்பட்டது எனக்கே ஆச்சரியம்தான். டிசைனை அனுப்பினோம். வோல்ஃப் பார்த்துவிட்டுச் சரி என்றார். தறியில் ஏற்றவேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு வேண்டுதல் நினைவுக்கு வந்தது. ஹரிதாவுக்கு விசா கிடைத்தால் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே திருப்பதி மலையேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டு இரண்டு வருஷமாகக் கடத்திக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளிப்போட்டால் நன்றாக இருக்காது என்று கிளம்பினேன். நடந்து ஏறி, தரிசனம் முடித்து, திருப்பதியில் சித்தி வீட்டில் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்து, நகரிக்குத் திரும்ப நான்கு நாள் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் முந்நூறு துண்டும் நெய்து, மடித்து, பெட்டியில் போட்டு டேப் ஒட்டியாகிவிட்டது.

"சின்னதா ஒரு கரெக்‌ஷன் பண்ணேன்" என்றார் இவர்.

"இன்னா கரெக்‌ஷன்?"

"ஓரத்துல. நீ போய்ப் படு, காலு வீங்கிக்கீது பாரு."

என் கால் இருந்த நிலைமையில் நானும் போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் பெட்டிகள் திருப்பதி கூரியர் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறின.

விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை பெட்டிகள் ஹரிதா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் வீடியோ காலில் வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. கையில் ஒரு துண்டை விரித்துப் பிடித்திருந்தாள்.

"அக்கா, ஐம்பத்தேழு எங்கக்கா?"

பார்த்தேன். 1947 இருந்தது. அதற்குக் கீழே அழகாக ஒரு மாங்காய். அதற்குக் கீழே 1964. அப்புறம் மறுபடி ஒரு மாங்காய். மொத்தம் நான்கு மாங்காய்கள் இருந்தன. 1957, 1965, 1978, 2019 நான்கும் இல்லை.

 தறிக்கூடத்துக்கு ஓடினேன். இவர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற முனிரத்தினத்தைப் பார்த்தார். முனிரத்தினம் எங்களிடம் பத்து வருஷமாகத் தறி ஓட்டுகிறவன். பயம் வந்தால் அவனுக்குத் தெலுங்கு வந்துவிடும்.

"நேனு செப்பினானக்கா, அன்ன வினலேது" என்றான். அவன் சொன்னானாம், இவர் கேட்கவில்லையாம்.

"கம்ப்யூட்டரைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எதுக்கு?"

"பின்ன இன்னா மஞ்சு? நூறு வருசம் கழிச்சு ஒரு நல்ல காரியம் பண்றாங்க. அதுல போய் தோத்தோம், கட்டடம் எரிஞ்சுது, மூடப் பாத்தோம்னு போடுவாங்களா? நம்ம கல்யாணப் பத்திரிகைல, எங்க நைனா சொசைட்டி எலெக்‌ஷன்ல தோத்துப் பூட்டாருன்னு போட்டமா?"

"அப்ப சண்டைல செத்தவங்களை மட்டும் ஏன் வெச்சீங்க?"

"அவங்க சாமிங்க. அவங்க பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்." இதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார். "அந்தப் பெரியவரு வேற. எண்பத்தெட்டு வயசு. பதினாலு கோலு வுட்டவருன்னு அவரு பேரை முந்நூறு பேரு கழுத்துல தொங்கவுடறதா? எனக்கு மனசு வரல."

நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவர்கள் வரலாற்றைத் திருத்த நீ யார் என்றேன். அந்தக் கிழவர் தினமும் தன் பேரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி ஊருக்கே தெரிந்த ஒரே விஷயம் அதுதான், அதை அழித்துவிட்டு மாங்காய் போட்டிருக்கிறாயே என்றேன். இருபது வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.  பெரியவர் தினமும் கேட்கிற விஷயம் அதுவரை இவருக்குத் தெரியாது. தறியை நிறுத்திவிட்டுப் பலகைமேல் உட்கார்ந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை.

ஹரிதா அன்றே வோல்ஃபிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷர், திட்டவில்லை. ஆனால், "அந்த நாலு வரிதானம்மா எங்க கிளப்" என்றாராம். அது எனக்குத் திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

முந்நூறு துண்டையும் மறுபடி நெய்து அனுப்ப நாள் இல்லை. ஹரிதாவோடு படித்த சுஷ்மிதா, பலமனேர்க்காரப் பெண், வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்புகிறாள் என்று தெரிந்தது. அவள் பெட்டியில் ஒரு துண்டு கொடுத்து அனுப்பலாம். அந்தப் பெரியவருக்கு மட்டுமாவது அவர் பேர் போட்ட துண்டு போய்ச் சேரட்டும் என்று முடிவு செய்தோம். நான் பழைய டிசைனைத் தேடி எடுத்தேன்.

"நெய்யறதுக்கு முன்ன நான் அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். ஹரிதாவைப் பேசச் சொல்லு" என்றார் இவர்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹரிதா அழைத்தாள். அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். சத்தம் வேண்டாம் என்று பன்னிரண்டு தறியையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். இவர் சட்டையை மாற்றிக்கொண்டு, தலைவாரி, திருநீறு வைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

திரையில் ப்ரூனோ தெரிந்தார். நீளமான மனுஷர், நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் பெரிய பெரிய கைகள். ஹரிதா துண்டை அவர் மடியில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வருஷமாகத் தடவிக்கொண்டே வந்தார். 1926, 1939, 1947. அடுத்து விரல் மாங்காய்மேல் வந்து நின்றது. கீழே போனது. திரும்ப மேலே வந்தது. ஹரிதாவைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இது இன்னாங்கறாரு மாமா. மாங்கான்னு சொன்னேன்."

இவர் கை கூப்பினார். "ஐயா, தப்பு என்னுது. உங்க பேரு அங்க இருந்தது. நான்தான் எடுத்துட்டேன். எங்க ஊர்ல ஒரு விசேஷத்துல ஒருத்தரு தோத்ததைச் சொல்ல மாட்டோம். அவரு மனசு கஷ்டப்படும்னு. உங்ககிட்ட கேக்காம பண்ணிட்டேன். மன்னிச்சுக்கணும்."

ஹரிதா மெதுவாக ஜெர்மனில் சொன்னாள். ஒரு இடத்தில் அவள் குரல் தடுமாறியது. ப்ரூனோ துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.  எனக்கு அழுகை வருவது போல இருந்தது. அப்புறம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். ஹரிதா கேட்டுக்கொண்டே இருந்தாள், எங்களுக்குச் சொல்லவில்லை.

"இன்னாடி சொல்றாரு?" என்றேன்.

"அக்கா..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் தப்பாப் புரிஞ்சிக்கினேன்க்கா. இருக்குதா இருக்குதான்னு கேட்டது, இல்லன்னு நான் சொல்லணும்னாம். ஒவ்வொரு வருசமும் கிளப் விழாவுல எல்லாரும் கிளாஸைத் தூக்கிக்கினு இவரைப் பாத்து ஒண்ணு, ரெண்டுன்னு பதினாலு வரைக்கும் கத்துவாங்களாம். பாசமாத்தானாம். இவரும் சிரிப்பாராம். அறுபத்தொம்பது வருசமா சிரிக்கிறாரு. அன்னைக்கு அவருக்குப் பத்தொம்பது வயசாம். இது புடிக்குதான்னு ஒருத்தரும் கேக்கலையாம். இப்பதான் எங்கயோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தரு அதை எடுத்துட்டு மாங்கா போட்டிருக்காருன்னு..."

அவளால் முடிக்க முடியவில்லை. ப்ரூனோ அந்தப் பெரிய கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். நேற்று நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. அவரோ வெற்றி பெற்ற முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்து ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஹரிதா, ஒண்ணு கேளும்மா. பதினாலு உள்ள பூட்ச்சு, சரி. அன்னைக்கு அவங்க பதினாலு தடவைதான் அடிச்சாங்களா? இவரு எத்தினி புடிச்சாரு?"

ஹரிதா கேட்டாள். அவள் கேள்வியை முடிப்பதற்குள் ப்ரூனோ பதில் சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை.

"இருபத்து மூணாம்."

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. முதலாவது, இடது பக்கம் விழுந்து பிடித்தது. நான்காவது, முகத்தில் வாங்கியது, மூக்கில் இரத்தம். ஒன்பதாவது பெனால்டி. மழை, மைதானமெல்லாம் சேறு, அவர்கள் அணியில் இரண்டு பேர் பாதியில் காலில் அடிபட்டு வெளியே போய்விட்டார்கள், ஒன்பது பேரோடு ஆடினார்கள். ஹரிதா மொழிபெயர்க்க முடியாமல் திணறினாள். முனிரத்தினமும் தறி ஓட்டும் மற்றவர்களும் எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இவர், "அப்புறம்?" என்று கேட்டார். அவரும் சொல்லிக்கொண்டே போனார். இருபத்து மூன்றையும் சொல்லி முடித்தபோது ஆறு மணி ஆகிவிட்டது.

பதினாலை எண்ண ஒரு ஊரே இருந்தது. இருபத்து மூன்றை எண்ணியது அவர் ஒருவர்தான். நான் எடுத்து வைத்திருந்த பழைய டிசைனை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று வரைந்தேன். 1957 என்ற வருஷத்துக்கு நேராக, தடுத்தது 23, ப்ரூனோ கெஸ்லர். இவரே தறியில் நின்று அதை நெய்தார். மறுநாள் காலையில் பலமனேருக்குப் போய் சுஷ்மிதா கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

நடந்ததை ஹரிதா சொன்னபோது வோல்ஃபுக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டதாம். மாங்காய் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் இவரும் சாப்பிட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் போட்டோக்கள் வந்தன. பச்சையும் வெள்ளையுமாக முந்நூறு பேர், எல்லார் கழுத்திலும் எங்கள் துண்டு. நடுவில் சக்கர நாற்காலியில் ப்ரூனோ, இருபத்து மூன்று போட்ட துண்டோடு. சந்தோஷத்தில் நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் ஹரிதா அழைத்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"மாமா, ப்ரூன்ஸ்டெட்டுலேந்து ஒரு தாத்தா வந்திருந்தாரு. ஹைன்ட்ஸுன்னு பேரு, தொண்ணூறு வயசு. அன்னைக்கு அந்தப் பதினாலுல ஆறு கோலு அவரு போட்டதுதான். தடி ஊனிக்கினு வந்து, ப்ரூனோ தாத்தா துண்டைக் கையில எடுத்துப் படிச்சாரு. படிச்சிட்டு, தப்புன்னுட்டாரு."

இவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்பா?"

"எனக்கும் திக்குன்னு ஆயிடுச்சு மாமா. இருபத்து மூணு இல்ல, இருபத்து நாலுன்றாரு. கடைசி நிமிசத்துல நான் தலையால முட்டினேனே, அதை எங்கடான்னு கேட்டாரு. ப்ரூனோ தாத்தாவுக்கு ஞாபகமே இல்ல. சேத்துல குப்புறக் கெடந்தியே, எழுந்து வந்து விரல்நுனியால தட்டி வெளிய வுட்டியேன்னு அவரு செஞ்சே காட்டுறாரு. பதினாலு வாங்கினப்புறம் எதுக்குடா எழுந்தே, இத்தினி வருசமா உன்னைக் கேக்கணும்னு இருந்தேன்னு சொன்னாரு."

"அதுக்கு நம்ம பெரியவரு இன்னா சொன்னாரு?"

"பந்து வந்துச்சேன்னாரு."